30 கோடி ஆண்டுப் பயணம்: இந்திய நிலம் இடம் மாறியபோது அதன் மழையும் மரங்களும் என்ன ஆயின?

ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் கபூர்டி என்று ஓர் ஊர். தார் பாலைவனத்தின் ஓரம். ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை 300 மில்லிமீட்டரைத் தொடாது. அங்கே முல்தானி மட்டி வெட்டி எடுக்கிறார்கள். அந்த மண் படுகையைத் தகடு தகடாகப் பிளந்தால் சில இடங்களில் இலைகளின் அச்சு தெரியும். புன்னையின் பேரினம், நாகப்பூ மரத்தின் பேரினம், தென்னை வகை ஒன்று. புன்னை இலையை ஒரு முறை பார்த்தவர் மறக்கமாட்டார்: நடு நரம்பிலிருந்து இரு பக்கமும் சீப்புப் பல் போல நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் மெல்லிய நரம்புகள். அதே வரிசை அந்த மண்ணிலும் பதிந்திருக்கிறது. ஈரமும் வெப்பமும் சேர்ந்த கரையோரத்திலும் மழைக்காட்டிலும் வளரும் இனங்கள் இவை. படிவங்களின் வயது சுமார் 5 கோடி ஆண்டு.

மழைக்காடு இருந்த இடம் பாலைவனமாவதற்கு நிலம் வேறோர் இடத்துக்குப் போனதே காரணம் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்தான். அந்தப் பதில் பாதிதான் சரி. ஒரு நிலப்பரப்பை எடுத்து வேறு அட்சரேகையில் வைத்தால் அதன் தட்பவெப்பமும் செடிகொடிகளும் எப்படி மாறும் என்ற கேள்விக்கு, முழுப் பதிவேடும் மண்ணுக்குள்ளேயே கிடைக்கும் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இந்தியத் துணைக்கண்டம். தென் துருவத்துக்கு அருகில் பனியாறுகளின் கீழ் கிடந்த நிலம், இன்று கடக ரேகை நடுவே ஓட நிற்கிறது. வழியில் எதை இழந்தது, எதை ஏற்றிக்கொண்டது, எதை இறக்கிவிட்டது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் வேலை: நிலம் எங்கே இருந்தது என்று அளப்பது

தட்பவெப்பத்தைப் பேசுவதற்கு முன் அட்சரேகை தெரியவேண்டும். இதற்கு எரிமலைப் பாறையே சாட்சி. குழம்பு ஆறும்போது அதிலுள்ள மேக்னடைட் துகள்கள் அன்றைய புவிகாந்தப் புலத்தின் திசையைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. நிலநடுக்கோட்டில் அந்தத் திசை கிடைமட்டம், துருவத்தில் செங்குத்து. இடைப்பட்ட இடங்களுக்கு ஒரு சூத்திரம் உண்டு: காந்தச் சாய்வுக் கோணத்தின் டேன்ஜெண்ட், அட்சரேகையின் டேன்ஜெண்டைப் போல இரு மடங்கு.

களத்தில் இதைச் செய்யும் முறை இது. நீர் ஊற்றிக் குளிர்விக்கும் கையடக்கத் துளைப்பானால் சுமார் 2.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைகளைப் பாறையிலிருந்து வெட்டுவார்கள். ஒரு குழம்புப் படிவுக்கு 6 முதல் 8 உருளைகள். உருளையைப் பிடுங்குவதற்கு முன்பே அது எந்தத் திசையில், எவ்வளவு சாய்வில் நிற்கிறது என்று குறித்துவிட வேண்டும். எரிமலைப் பாறை சாதாரணத் திசைகாட்டியின் முள்ளையே இழுத்துவிடும். எனவே சூரிய நிழலைக் கொண்டு திசை குறிப்பதே நம்பகமானது. பிறகு ஆய்வகத்தில் காந்தப்புலம் இல்லாத அறையில் 100 டிகிரி செல்சியஸில் தொடங்கிப் படிப்படியாக 580 டிகிரி வரை சூடாக்கி, ஒவ்வொரு படியிலும் மிச்சமிருக்கும் காந்தத்தை அளப்பார்கள். பின்னாளில் ஒட்டிக்கொண்ட காந்தம் குறைந்த வெப்பத்திலேயே கழன்றுவிடும். பாறை பிறந்தபோது பதிந்தது 580 டிகிரிக்கு அருகே, மேக்னடைட் தன் காந்தத்தை முற்றாக இழக்கும் எல்லைவரை தாக்குப்பிடிக்கும்.

தக்காண எரிமலைப் பாறைகளின் வயது சுமார் 6.6 கோடி ஆண்டு. மகாபலேஷ்வர் பக்கத்து அடுக்குகளில் கிடைக்கும் சாய்வு சுமார் 48 டிகிரி. அதன் டேன்ஜெண்ட் 1.11, பாதி 0.555, அதற்குரிய அட்சரேகை 29 டிகிரி. இன்று அந்த ஊர் 18 டிகிரி வடக்கில் இருக்கிறது. அந்த இடத்துக்கு இயல்பாக வரவேண்டிய சாய்வு 33 டிகிரி மட்டுமே. அன்றைய 29 டிகிரி தெற்கில் என்பதைக் காந்தம் மட்டும் சொல்லாது, ஏனென்றால் புவிகாந்தம் அவ்வப்போது தலைகீழாகும். வயது வரிசையில் பல பாறைகளை அளந்து, கடல்தரைப் பாறையில் வயது வரிசையாகப் பதிந்த காந்தப் பட்டைகளோடு கோத்துப் பார்த்துத்தான் அரைக்கோளம் முடிவாகிறது. தெற்கே 29, வடக்கே 18: மொத்தம் 47 டிகிரி. டிகிரிக்கு 111 கிலோமீட்டர் வீதம் சுமார் 5,200 கிலோமீட்டர். 6.6 கோடி ஆண்டுக்குப் பிரித்தால் சராசரி ஆண்டுக்கு 8 சென்டிமீட்டர்.

ஒரே ஒரு குழம்புப் படிவை மட்டும் அளந்தால் பல டிகிரி பிசகும். காந்தத் துருவம் நூற்றாண்டுக் கணக்கில் அலைபாயும். பல படிவுகளின் சராசரிதான் அந்த அலைச்சலைச் சமன் செய்யும். குன்றின் உச்சியில் எடுத்த மாதிரி இடி விழுந்து கெட்டிருக்கலாம். படிவுப் பாறைகளில் மேலே சேரும் மண்ணின் எடை துகள்களை அமுக்கிச் சாய்வைக் குறைத்துக் காட்டும். அதைத் திருத்தாமல் விட்டால், நிலம் உண்மையில் இருந்ததைவிட நிலநடுக்கோட்டுக்கு அருகே இருந்ததாகக் கணக்கு வரும். கிழக்கு மேற்கு நிலையைப் பாறைக் காந்தம் சொல்லவே சொல்லாது. அதற்குக் கடல்தரைப் பட்டைகளும், வெப்பப் புள்ளிகளின், அதாவது பூமியின் ஆழத்திலிருந்து குழம்பு பொங்கிக்கொண்டே இருக்கும் இடங்களின், தடங்களும் வேண்டும். வங்காள விரிகுடாவிலிருந்து தெற்கே ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோடாகக் கிடக்கும் தொண்ணூறு கிழக்கு மலைத்தொடர், கெர்கூலன் வெப்பப் புள்ளியின் மேல் தட்டு வடக்கு நோக்கி ஓடியதன் கோடு. லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் வரிசை ரீயூனியன் வெப்பப் புள்ளி போட்ட கோடு.

பனிக்குக் கீழே

ஒடிசாவின் தால்சேரில், 1856இல், ஒரு விசித்திரமான பாறைப் படுகை விவரிக்கப்பட்டது. மெல்லிய பச்சைக் களிமண்ணுக்குள் பெரிய பெரிய உருண்டைக் கற்கள். ஓடும் நீர் களிமண்ணையும் பாறாங்கல்லையும் ஒரே இடத்தில் சேர்த்துப் போடாது, பனியாறு போடும். சில கற்களின் முகம் தட்டையாகத் தேய்ந்து, ஒரே திசையில் கீறல்கள் ஓடுகின்றன. வெயில் 45 டிகிரியைத் தொடும் இன்றைய தால்சேரில் நின்று அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்ப்பது, இந்த ஆய்வு முழுவதற்குமே நல்ல தொடக்கம். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலமாகத் தென் துருவத்தைச் சுற்றிக் கிடந்தன.

பனி விலகிய சதுப்புகளில் குளோசாப்டெரிஸ் காடுகள் வந்தன. நாக்கு வடிவ இலை, நடுவே தடித்த நரம்பு, இரு பக்கமும் வலைப்பின்னல். ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரியின் பெரும்பகுதி இந்தக் காடுகள்தான். இந்த மரங்கள் குளிர்காலத்தில் இலையுதிர்த்தன என்பதற்குச் சான்று உண்டு: மெல்லிய ஆண்டடுக்குப் பாறையில் இலைகள் பாய் விரித்தாற்போலக் குவிந்திருக்கின்றன, மரக்கட்டையில் வளர்ச்சி வளையங்கள் தெளிவாகத் தெரிகின்றன. உயர் அட்சரேகையில் மாதக்கணக்கில் இருட்டு. வெளிச்சமில்லாத நாளில் இலையை வைத்துக்கொண்டு பயனில்லை. பிரிட்டிஷ் பயணி ராபர்ட் ஸ்காட்டின் குழு 1912இல் தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் உயிரிழந்தபோது, அவர்களுடைய சுமையில் ஏறக்குறைய 16 கிலோ பாறை இருந்தது. அதில் குளோசாப்டெரிஸ் இலைகளும் இருந்தன. ஜார்கண்டில் கிடைக்கும் அதே இலை.

இந்தக் காடு அழிந்ததற்கு நிலத்தின் நகர்வைக் காரணம் சொல்வது தவறு. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகம் முழுக்க நடந்த பேரழிவு அது. புதைபடிவத்தில் ஓர் இனம் மறைந்துவிட்டால், உள்ளூர் அட்சரேகை மாறியதா, உலகக் காற்றே மாறியதா என்று முதலில் பிரித்துப் பார்க்கவேண்டும். கோண்டுவானாவின் எல்லாத் துண்டுகளிலும் ஒரே நேரத்தில் மறைந்திருந்தால் குற்றவாளி அட்சரேகை இல்லை.

இன்றைய வரைபடத்தைப் பார்த்து நகலெடுக்கும் தவறு

ஒரு கற்பனை நிலத்தையோ உண்மையான நிலத்தையோ இடம் மாற்றிப் பார்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு, புதிய அட்சரேகையில் இன்று என்ன இருக்கிறதோ அதை அப்படியே ஒட்டுவது. இந்தியா அண்டார்க்டிகாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பிரிந்தது சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது அது தென் அட்சரேகையின் நடு, உயர் பகுதிகளில் இருந்தது. இன்று தெற்கே 50 டிகிரியில் இருப்பவை மரமற்ற, குளிர்காற்று வீசும் தீவுகள். ஆனால் அந்தக் காலத்து ராஜ்மகால் குன்றுகளில் (இன்றைய ஜார்கண்டில்) கிடைத்தவை பெரணிகள், ஊசியிலை மரங்கள், ஈந்து போன்ற இலை கொண்ட டைலோஃபில்லம். தமிழ்நாட்டில் பெரம்பலூர், திருச்சி பக்கம் தெரணியின் வெள்ளைக் களிமண் குழிகளிலும் அதே டைலோஃபில்லம் இலை கிடைக்கிறது. கோழி இறகை அழுத்தி வைத்தது போல் இருக்கும். மிதமான வெப்பமும் நல்ல ஈரமும் இல்லாமல் இந்தக் கூட்டம் வாழாது.

காரணம், அன்றைய காற்றில் கார்பன் டை ஆக்சைடு இன்றைக்கு இருப்பதைவிடப் பல மடங்கு. துருவங்களில் நிலையான பனிப்பாளம் கிடையாது. இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதற்கு 2017இல் மேற்கு அண்டார்க்டிகா கடலடியில் துளையிட்டு எடுத்த மண்ணே போதும். சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன், தெற்கே 82 டிகிரியில், வேரோடு பாதுகாக்கப்பட்ட மிதவெப்ப மழைக்காட்டு மண் அது. ஆண்டுச் சராசரி வெப்பம் 12, 13 டிகிரி. அண்டார்க்டிகா அன்றும் துருவத்தில்தான் இருந்தது, இன்றும் துருவத்தில்தான் இருக்கிறது. இடம் மாறாமலே காடு பனியானது. எனவே கணக்கில் முதலில் எழுதவேண்டியது காலம். அட்சரேகை அதற்கு அடுத்தது.

அட்சரேகைக்கு மாறாத பங்கும் உண்டு. வளிமண்டலத்தின் உச்சியில் ஆண்டுச் சராசரியாக நிலநடுக்கோட்டில் சதுர மீட்டருக்கு 415 வாட் அளவில் வெயில் விழுந்தால், 60 டிகிரியில் விழுவது சுமார் 240. பகல் நீளம், துருவ இருட்டு, நிலநடுக்கோட்டருகே எழும்பும் காற்று மழையைக் கொட்டிவிட்டு 20 முதல் 30 டிகிரிக்குள் காய்ந்து இறங்குவது, இவை எந்தக் காலத்திலும் இருப்பவை. கார்பன் கூடினால் பட்டைகளின் ஓரம் நகரும், வரிசை மாறாது. ஆக, துருவத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு வரும் எந்த நிலமும் வழியில் ஒரு வறண்ட பட்டையைத் தாண்டியே தீரவேண்டும்.

வறண்ட பட்டையும் தீவாக ஓடிய காலமும்

சுமார் 8.8 கோடி ஆண்டுக்கு முன் மடகாஸ்கர் பிரிந்தது. உடுப்பிக்கு அருகே கடலில் இருக்கும் செயின்ட் மேரி தீவுகளின் ஆறுமுகத் தூண் பாறைகள் அந்தப் பிளவின்போது பொங்கியவை. தக்காணக் குழம்பு ஓடிய காலத்தையொட்டி செஷல்ஸும் கழன்றது. அதன் பிறகு இந்தியா கடல் நடுவே தனித்த தீவு. வேகமும் கூடியது: ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 முதல் 18 சென்டிமீட்டர். நம் தலைமுடி வளரும் வேகம் ஆண்டுக்கு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். கண்டங்களுக்கு இது ஓட்டம்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று. இந்தியா ஒரு புள்ளி இல்லை. வடக்கிலிருந்து தெற்குவரை 25 டிகிரிக்கு மேல் நீண்ட நிலம். மகாபலேஷ்வர் 29 டிகிரி தெற்கில் இருந்தபோது அரியலூர் 35 டிகிரியையும் தாண்டி இருந்தது. வடக்கு விளிம்பு ஏற்கெனவே வெப்பமண்டலத்தில். அதாவது "அன்றைய இந்தியாவின் தட்பவெப்பம்" என்று ஒன்று கிடையாது. ஒரே நேரத்தில் வடக்கே ஈரம், நடுவே வறட்சி, தெற்கே மிதக் குளிர் என்று மூன்று நாடுகள் அதற்குள் இருந்தன.

நடுப்பகுதியின் வறட்சிக்குச் சான்று தக்காணப் பாறைக்கு அடியிலுள்ள லமேட்டா படுகை. டைனோசர் முட்டைக் கூடுகளுக்குப் பெயர்பெற்ற அதே படுகைதான். அதில் மண்ணுக்குள்ளேயே உருவான சுண்ணாம்பு முடிச்சுகள் நிறைய. கரிசல் காட்டில் கிணறு வெட்டினால் வரும் ஓடைக்கல், சுக்கான் போன்றவை இவை. மழை ஆண்டு முழுக்கப் பெய்தால் சுண்ணாம்பு கரைந்து போய்விடும். மழை கொஞ்சம், வெயில் நிறைய என்றால்தான் மண்ணில் தங்கி முடிச்சாகும். மகாராஷ்டிரத்தின் பிஸ்துரா என்ற இடத்தில் கிடைத்த, கல்லாக மாறிய டைனோசர் சாணத்தை ஆராய்ந்தபோது, புல்லின் சிலிக்கா துகள்கள் அதற்குள் இருந்தன. 2005இல் வெளியான இந்த முடிவு, புல் இனங்கள் டைனோசர் காலத்திலேயே பிரிந்துவிட்டன என்று காட்டியது. அதே சமயம் குழம்புப் படிவுகளுக்கு இடையே ஏரிகள் தேங்கிய இடங்களில், சிந்த்வாடா மாவட்டத்தின் மோகாவ் கலான் போன்ற ஊர்களில், பனைக் குடும்பத்தின் தண்டும் கனியும் ஏராளம். வறண்ட பட்டை என்றால் எங்கும் பாலை என்று பொருள் இல்லை. கடல் சூழ்ந்த தீவுக்குக் கரையோர மழை எப்போதும் கொஞ்சம் உண்டு.

செடிகள் ஈடுகொடுக்குமா?

ஆண்டுக்கு 18 சென்டிமீட்டர் என்றால் 10 லட்சம் ஆண்டில் 180 கிலோமீட்டர், அதாவது 1.6 டிகிரி. நிலம் வடக்கே போகப் போக, தனக்குப் பழகிய குளிரிலேயே இருக்க விரும்பும் மரம் அந்த நிலத்தின் மேல் தெற்கு நோக்கி ஆண்டுக்கு 18 சென்டிமீட்டர் பின்வாங்கினால் போதும். விதைப் பரவலில் மிக மந்தமானவை என்று பெயரெடுத்த குங்கிலியக் குடும்ப மரங்களையே எடுத்துக்கொள்வோம். விதை கனமானது, தாய்மரத்திலிருந்து சில பத்து மீட்டருக்குள் விழுந்துவிடும். ஒரு தலைமுறைக்கு 50 ஆண்டு, 20 மீட்டர் என்று குறைத்தே வைத்தாலும் ஆண்டுக்கு 40 சென்டிமீட்டர். நிலத்தைவிட இரு மடங்கு வேகம். காற்றில் விதை பறக்கும் இனங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

எனவே நகர்வின் வேகம் செடிகளைக் கொல்வதில்லை. கொல்வது வேறு: பின்வாங்க நிலம் தீர்ந்துபோவது. தீவின் தெற்கு முனை வரை வந்துவிட்ட குளிர்க்காட்டு இனத்துக்கு அடுத்த அடி வைக்கக் கடல்தான் இருக்கிறது. அப்போது இரண்டே வழி. ஒன்று மலையேறுவது: 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 6.5 டிகிரி வெப்பம் குறையும். சமவெளியில் ஆண்டுச் சராசரி 28 டிகிரி இருக்கும்போது உதகையில் 14 டிகிரிதான். இன்னொன்று, மாறிக்கொள்வது. இரண்டும் வாய்க்காதவை மறைந்தன. டைலோஃபில்லம் வகையறா முழுக்கப் போயிற்று. பூக்கும் தாவரங்களின் போட்டியும் அதில் சேர்ந்தது. தக்காணத்தின் எரிமலைக் குழம்பு இன்றும் 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடிக் கிடக்கிறது. அதற்குக் கீழே போனவை எத்தனையோ. குழம்பு எட்டாத தெற்கு தப்பித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியையும் இலங்கையின் தென்மேற்கையும் பழைய இனங்களின் அடைக்கலமாக ஆய்வாளர்கள் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிலநடுக்கோட்டில்: ஏற்றிக்கொண்ட சரக்கு

சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன் குஜராத் நிலநடுக்கோட்டை ஒட்டி இருந்தது. உலகமே அப்போது மிக வெப்பமான கட்டத்தில் இருந்தது. சூரத் அருகே வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கரி அடுக்கோடு அம்பர் கட்டிகள், அதாவது கல்லாக இறுகிய மரப்பிசின், வருகின்றன. சிலவற்றுக்குள் எறும்பும் ஈயும் இறகு கலையாமல் இருக்கின்றன. அந்தப் பிசினின் வேதிக்கூறு குங்கிலியக் குடும்பத்துக்கு உரியது. சாம்பிராணியோடு புகைக்கும் குங்கிலியம் தரும் அதே குடும்பம். கபூர்டியின் புன்னை இலைகளும் இதே காலத்தவை.

இந்தக் குடும்பத்தின் வரலாறுதான் நிலம் நகர்ந்ததன் மிக அழகான விளைவு. மகரந்தப் படிவங்களும் மரபணு ஒப்பீடும் சேர்ந்து காட்டும் வழி இது: ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து, இந்தியா அதை ஒட்டிக் கடந்தபோது, இடையிலிருந்த தீவு வளைவுகளின் வழியே தொற்றிக்கொண்டது, இந்தியாவின் மேல் சவாரி செய்தது, ஆசியாவைத் தொட்டதும் தென்கிழக்கே இறங்கியது. இன்று போர்னியோ, மலாயா காடுகளில் வானைத் தொடும் மரங்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பமே. வழித்தடம் முழுக்க உறவினர் உண்டு. செஷல்ஸில் ஒரே ஓர் இனம். மடகாஸ்கரில் அதன் நெருங்கிய சகோதரக் குடும்பம். இலங்கையின் சிங்கராஜா மழைக்காட்டில் வேறெங்கும் இல்லாத இனங்கள். நம் மலைகளில் வெள்ளைக் குங்கிலியம்.

விழுப்புரம் மாவட்டத்தில், சங்கராபரணி ஆற்றங்கரையில், வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பெயர்பெற்ற திருவக்கரையின் கல்மரப் பூங்காவிலும் இந்தக் குடும்பம் கிடைக்கிறது. அங்கே கிடக்கும் சுமார் 200 கல்மரங்களின் வயது 2 கோடி ஆண்டு என்று கணிக்கப்படுகிறது. தூரத்திலிருந்து வெட்டிப்போட்ட கட்டை போலவே தெரியும். தட்டினால் கணீர் என்று கல்லோசை. இனம் காண, வைரப்பல் ரம்பத்தால் குறுக்காகவும், ஆரத்தின் வழியாகவும், அதற்குச் செங்குத்தாகவும் மூன்று சீவல்கள் வெட்டி, கண்ணாடியில் ஒட்டி, கார்போரண்டம் தூளால் 30 மைக்ரான் தடிமனுக்குத் தேய்க்கிறார்கள். அப்போது வெளிச்சம் ஊடுருவும். குங்கிலியக் குடும்பம் என்றால் குறுக்குச் சீவலில் பிசின் குழாய்கள் தெரியும். அவை குட்டிக் குட்டி வரிசைகளாகச் சிதறியிருந்தால் அது டிப்டெரோகார்ப்பஸ் என்ற பேரினம். வளைய வளையமாக நீண்ட கோடுகளாக ஓடினால் ஷோரியா. தேய்ப்பதில் சிறிது கூடினால் சீவலே மறைந்துவிடும், குறைந்தால் ஒன்றும் தெரியாது.

திருவக்கரை மரங்களில் கிளை இல்லை, வேர் இல்லை, இலை இல்லை. வெள்ளம் எங்கிருந்தோ உருட்டி வந்து மணலில் புதைத்தவை. ஆகவே அந்த மரங்கள் திருவக்கரையிலேயே வளர்ந்தன என்று எழுதக்கூடாது. அந்த ஆற்றின் மேல்பகுதியில் அத்தகைய காடு இருந்தது என்பதுவரைதான் சொல்லலாம். பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் கல்மரத்துக்கும் இது பொருந்தும். அது கடற்படிவுக்குள் கிடக்கிறது, மிதந்து வந்த கட்டை.

இலையிலிருந்து வெப்பத்தைக் கணக்கிடும் முறையிலும் இதே பொறி உண்டு. ஒரு படுகையில் கிடைத்த இருவிதையிலை மர இனங்களில் ஓரம் பல் இல்லாமல் வழவழப்பாக இருப்பவற்றின் விகிதத்தை 30.6ஆல் பெருக்கி 1.14 கூட்டினால் ஆண்டுச் சராசரி வெப்பம் செல்சியஸில் வரும். 30 இனத்தில் 24 வழவழப்பு என்றால் விகிதம் 0.8, விடை 25.6 டிகிரி. இருபதுக்குக் குறைவான இனங்களை வைத்துக் கணக்குப் போட்டால் ஓர் இனம் கூடினாலும் குறைந்தாலும் விடை ஒன்றரை டிகிரிக்கு மேல் தாவும். ஆற்றங்கரை மரங்களில் பல் வைத்த இலை அதிகம். ஆற்றுப் படிவத்தை மட்டும் எண்ணினால் காடு உண்மையைவிடக் குளிராகத் தெரியும்.

மோதலுக்குப் பிறகு: நிலமே மழையை மாற்றியது

மோதியதும் வேகம் ஆண்டுக்கு 4, 5 சென்டிமீட்டராகக் குறைந்தது. அந்த வேகத்தை வைத்துக் கைக்கணக்காகப் பார்த்தால், தமிழ்நாட்டின் தென்முனை நிலநடுக்கோட்டைத் தாண்டியது சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன். வடக்கு முன்பே தாண்டி, அடுத்த வறண்ட பட்டைக்குள், இம்முறை வடகோளத்தின் பட்டைக்குள், நுழைந்துகொண்டிருந்தது. பார்மர் காய்ந்ததன் ஒரு பாதி விளக்கம் இது.

மறுபாதி பருவமழை. இமயம் எழுந்ததால்தான் பருவமழை பிறந்தது என்று பள்ளியில் படித்தோம். ஆனால் குஜராத், ராஜஸ்தானின் அந்தப் பழைய இலைகளின் வடிவத்தை அளந்தவர்கள், இமயம் உயர்வதற்கு முன்பே மழைக்காலம், வெயில்காலம் என்ற பிரிவு இருந்ததைக் காட்டுகிறார்கள். நிலநடுக்கோட்டு மழைப்பட்டை சூரியனோடு வடக்கும் தெற்குமாக ஆடுவதாலேயே அது வரும். இமயம் செய்தது, வடக்கிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்றைத் தடுத்து, ஈரமான வெப்பக் காற்றைத் துணைக்கண்டத்தின் மேல் கூடாரம் கட்டியதுபோல் தேக்கிவைத்தது. அதோடு தீவு போய்ப் பெருங்கண்டத்தின் ஓரமானது இந்தியா. நிலம் பெரிதானால் கோடையும் குளிரும் தூரம் விலகும். மழை நான்கு மாதத்தில் குவியும், மீதி எட்டு மாதம் காயும்.

ஆண்டு மழையின் மொத்த அளவைவிட, மழையில்லாத மாதங்கள் எத்தனை என்பதே பசுமைமாறாக் காட்டின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. பாகிஸ்தானின் பொட்வார் மேட்டுநிலத்தில் சிவாலிக் மண் சுண்ணாம்பு முடிச்சுகளின் கனமான, இலேசான கார்பன் அணுக்களின் விகிதம், 80 முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் திசை மாறுகிறது. மரமும் குளிர்நிலப் புல்லும் விட்டுப்போன கார்பன் சுவடு மறைந்து, வெப்பநிலப் புல்லின் சுவடு வருகிறது. காடு புல்வெளியானதை இதைவிடத் துல்லியமாக எழுதிவைக்க முடியாது.

நிலம் உலகக் காற்றையும் மாற்றியது. புதிய எரிமலைப் பாறை மழையில் கரையும்போது காற்றின் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக் கடலுக்கு அனுப்புகிறது. தக்காணப் பாறை வறண்ட பட்டையில் கிடந்தவரை இது மெல்ல நடந்தது. நிலநடுக்கோட்டின் வெப்ப மழைக்குள் வந்ததும் வேகம் பிடித்தது. அடுத்து வந்த உலகக் குளிர்ச்சிக்கு இதுவும் ஒரு பங்களித்தது என்பது வலுவான வாதம். இடம் மாற்றிப் பார்க்கும் எந்தப் பயிற்சியிலும், அந்த நிலத்தில் எரிமலைப் பாறை எவ்வளவு, அது எந்த மழைப்பட்டையில் நிற்கிறது என்ற வரியைச் சேர்க்காவிட்டால் கணக்கு குறைபடும்.

இன்று எஞ்சியிருப்பவை எங்கே நிற்கின்றன

மேற்குக் கரை பிளந்தபோது எழுந்த விளிம்பே மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் மேற்குச் சரிவில் பல இடங்களில் 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சில பத்து கிலோமீட்டர் கிழக்கே கோவையில் 700ஐத் தொடுவதில்லை. தெற்கு வடக்கிலும் வேறுபாடு உண்டு. தென்கோடியில் காய்ந்த மாதம் 2, 3 மட்டும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமும் அங்கே எட்டுகின்றன. வடக்கே போகப் போக அது 6, 7 மாதத்தைத் தாண்டுகிறது. குங்கிலியக் குடும்பத்தின் பசுமைமாறாக் காடு தெற்கே செழித்து, வடக்கே மெலிந்து மறைவது இந்த எண்ணைத்தான் பின்பற்றுகிறது.

அகத்தியர் மலையின் ஈரக் காட்டில் நிரம்பாலி என்று ஒரு மரம் நிற்கிறது. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே ஊசியிலை வகை மரம் இது. ஆனால் இலை ஊசி போல் இருக்காது. அகன்று, தடித்து, நடு நரம்பே இல்லாமல் இருக்கும். அதன் குடும்பம் கோண்டுவானாக் காலத்தது. திருவக்கரைக் கல்மரங்களிலும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாக விவரிக்கப்பட்டவை உண்டு. அதனால் நிரம்பாலியைத் தென் துருவத்திலிருந்து நம்மோடு வந்த நேரடி எச்சம் என்று எழுதிவிடும் ஆசை வரும். அவசரப்படக்கூடாது. இதே இனம் வடகிழக்கு இந்தியா, மியான்மர் வழியாக நியூ கினி வரை பரவியிருக்கிறது. மோதலுக்குப் பின் ஆசியப் பக்கத்திலிருந்தும் ஏராளமான இனங்கள் இங்கே இறங்கின, நீலகிரியின் ரோடோடென்ட்ரான் போல. ஓர் இனம் பழைய பயணியா, பின்னால் ஏறியதா என்று தீர்க்க மூன்று பொருந்தவேண்டும்: மோதலுக்கு முந்தைய வயதில் இந்திய மண்ணில் படிவம், மடகாஸ்கரிலோ செஷல்ஸிலோ நெருங்கிய உறவு, மரபணு மாற்றங்களை எண்ணிக் காலம் கணிக்கும் மரபணுக் கடிகாரம் காட்டும் பிரிவு 5 கோடி ஆண்டுக்கு முந்தையதாக இருப்பது. குங்கிலியக் குடும்பம் இந்தச் சோதனையில் தேறுகிறது. நிரம்பாலிக்கு முதல் சான்றும் இரண்டாவது சான்றும் அதன் குடும்பத்துக்கே கிடைக்கின்றன, இனத்துக்கு இல்லை.

இந்தியா இன்னும் ஆண்டுக்கு சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. அகத்தியர் மலையின் அந்தக் காட்டுக்குத் தெற்கே இன்னும் சில பத்து கிலோமீட்டர் நிலம்தான் இருக்கிறது, அதற்கப்பால் கடல்.